கூடையின் அடியில் பார்

அன்புள்ள கண்ணு,

மாம்பழக் கூடையை பஸ்ஸில் ஏற்றியாகிவிட்டது. மேல் வரிசை மல்கோவா இரண்டு நாளில் பழுத்துவிடும். கீழே இருப்பது இன்னும் காய்தான், அரிசிப் பானைக்குள் வை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

வியாழக்கிழமை போனில் நீ அவ்வளவு கோபப்பட்டு நான் கேட்டதில்லை. "ஓட்டுகிறவர் குடித்தால் பின்னால் உட்கார்ந்தவளுக்கும் அபராதமா, இது என்னம்மா நியாயம்" என்றாய். யாரோ தோழிக்கு நடந்தது என்றாய். சரி, தோழி என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வாரம் வீடியோவில் பேசியபோது உன் இடது கை ஒருமுறைகூட மேலே வரவில்லை. பாப்பாவுக்கு மாப்பிள்ளை தலை பின்னிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னாய். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் சீப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இரவில் எங்கே போனாலும் ஆட்டோவில் வா. காசு நான் அனுப்புகிறேன்.

உன் தோழி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு செய்தவளுக்குத் தெரியாதா? மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான பிரிவு 185. அந்த எண்ணை அடித்தாலே விரல் தானாக "100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்" என்று அடுத்ததற்குப் போய்விடும். அப்போது முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய்க்குள். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 10,000 ஆக்கினார்கள், நம் மாநிலத்தில் அது 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. மதுக்கடையை 2003-இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. கடைக்கு எதிரில் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, அடுத்த திருப்பத்தில் ஊதச் சொல்லிக் கருவியோடு போலீஸ் நிற்கிறது. 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இதே சேலம் ஜில்லாவில்தான். உன் பாட்டி அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார், ஏன் என்று உனக்குத் தெரியும்.

எங்கள் ஆபீசுக்கு இந்த வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் எல்லாம் மூட்டை தூக்குபவர், கொத்தனார், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்பவர். கார் வைத்திருந்தவர் ஒருவர்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டவேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் எங்கள் வக்கீல் எத்தனை பேரை வெளியே கூட்டி வந்தார்! மனுக்களை நான்தான் அடித்தேன். பிழையே இல்லை என்று பாராட்டும் வாங்கினேன்.

பின்னால் உட்கார்ந்தவரைப் பிடிப்பது சென்னையில் அதே 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் பிரிவு பழையது. பிரிவு 188, 1988-இல் வந்த அதே மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. உடந்தை. நீ போனை வைத்த பிறகு அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் தாடையில் இருக்கும் தழும்பு கொய்யா மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்றுதானே உனக்குத் தெரியும்? உனக்கு அப்போது நான்கு வயது. ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் முடிந்து ராத்திரி ஸ்கூட்டரில் இறங்கினோம். ஏறும்போதே வாடை வந்தது. பந்தலில் இத்தனை பேர் பார்க்கிறார்கள், மாமியார் வேறு நிற்கிறார், எதற்கு வம்பு என்று ஏறி உட்கார்ந்தேன். முந்தானையால் உன்னை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன், பதினொன்று வரை எண்ணிய ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று அவரை வெளியே நிற்க வைத்துவிட்டு, டாக்டரிடம் நான்தான் சொன்னேன், மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று. அவர் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். நீங்களும் மரம் ஏறினீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றோடு உன் அப்பா குடியை விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அது பொய். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் குடித்தார். மூன்று வருஷமும் நான் பின்னால் உட்கார்ந்தேன். யாராவது அடிவாரத்தில் நிறுத்தி எனக்கும் அபராதம் போட்டிருந்தால், நானும் உன்னைப் போலத்தான் கத்தியிருப்பேன்.

மாப்பிள்ளை நல்லவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாவை ராத்திரியில் வண்டியில் ஏற்றாதே, அவ்வளவுதான். ஆட்டோவில் வா.

முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள் நீ. கோரிமேட்டு ரோட்டில் நீ வண்டி ஓட்டிப் போனபோது நான் வாசலில் நின்று எல்லோரிடமும் என் பெண் என்று சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த லைசென்ஸ் இங்கே பீரோவிலேயே கிடந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடையின் அடியில் வைக்கோலுக்குள் வைத்திருக்கிறேன். வைக்கோலைக் கொட்டும்போது சேர்த்துக் கொட்டிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் அப்பா கோயிலுக்குப் போய்விடுவார். அப்போது கூப்பிடு.

அம்மா