சுவரில் வலை இருக்கிறது, அதைச் சரிசெய்தவள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மீனவர் வாழ்க்கையை வரைகிற ஓவியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுவர் ஒன்றில் பெரிய படம் இருக்கிறது. சூரியன் மறைகிறது, படகு முனையில் நின்று ஒருவர் வலை வீசுகிறார். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வலையின் ஓரத்தில் ஒரு ஈயக்குண்டு கூட இல்லை. ஈயம் இல்லாத வலை தண்ணீருக்குள் இறங்காதே!

குறியீடு வேண்டும் என்று சூரியனையும் பாம்பன் பாலத்தையும் தேடிப் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் நிற்கிற அந்த 61 நாளில் கரைக்கு வந்து பாருங்கள். கிழிந்த வலையை அப்படியே தைத்துவிட முடியாது, கிழிசலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெட்டிச் சுத்தம் பண்ணி, நல்ல முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் புது வலைக்கண் போட்டுக்கொண்டே வர வேண்டும். கையில் அன்றைக்கு எந்த நூல் இருந்ததோ அதுதான், அதனால் எங்கள் வீட்டுப் பச்சை வலையில் நீல ஒட்டு இருக்கும், அதற்குப் பக்கத்தில் வெள்ளை ஒட்டு. எந்த ஒட்டு எப்போது போட்டது என்று அம்மா விரல் வைத்துச் சொல்வார். ஒரு குடும்பத்தின் கதையை இதைவிட எப்படி வரைவது?

வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்க ஓவியர் 1881-82இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்திலேயே தங்கி, வலை சரிசெய்கிற பெண்களையும் கூடை சுமக்கிற பெண்களையும் வரைந்தார். பிரான்சில் விர்ஜினி டெமோன்-பிரெத்தோன் என்ற பெண் ஓவியர் வரைந்த ஒரு படத்துக்கு 'ஆண் கடலில் இருக்கிறான்' என்று பெயர். படத்தில் கடலே கிடையாது. அடுப்பு நெருப்புக்குப் பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண், அவ்வளவுதான். ஓவியர் வான்கோ அதைப் பார்த்துத் தானும் 1889இல் வரைந்தார். கடலுக்குப் போனவரை நினைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி. இந்தக் கரையில் இத்தனை பெண்கள் மூச்சை அடக்கி முங்கி எழுகிறார்கள், ஒருத்தி கூட அந்தச் சுவரில் இல்லை.

அடுத்த முறை சுவருக்குப் புதுச் சாயம் அடிக்கும்போது, வரைகிறவர் ஒரு வாரம் எங்களோடு கரையில் உட்காரட்டும். டீயும் சோறும் நாங்கள் தருகிறோம். நீல நூலை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்து வாசகி,
பாம்பன்