கல்லடிப் பழைய பாலத்தில் என்னோடு நடந்தவர்களுக்கு

மதிப்புக்கும் அன்புக்கும் உரியவர்களே,

மாரடைப்பின் பின் எனக்கு இதயச் செயலிழப்பு ஏற்பட்டிருப்பதையும், ஒவ்வொரு துடிப்பிலும் 55 சதவீதத்துக்கு மேல் குருதியை வெளித்தள்ள வேண்டிய கீழறை 30 சதவீதத்தையே தள்ளுவதையும் எக்கோ பரிசோதனை காட்டியபோது, வீட்டிலும் அயலிலும் எல்லோரும் அன்போடு சொன்னது ‘சும்மா இருங்க’ என்பதே. கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சிரைத்ததால், அசைந்தால் இதயம் நின்றுவிடும் என்று நானும் நம்பினேன். அந்த அச்சத்திலிருந்து என்னை எழுப்பியவர்களுக்கு இம்மடல்.

முதல் நன்றி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் இதய நோய் கிளினிக் வைத்தியருக்கு. வரிசை வாசல்வரை நீண்டிருந்தும், படுத்தே கிடந்தால் கால் தசைகள் மெலியும் என்றும், மெலிந்த தசை ஒட்சிசனைச் சரிவரப் பயன்படுத்தாமல் விரைவில் களைப்பதால் என் மூச்சிரைப்பில் ஒரு பங்கு காலிலிருந்தும் வருகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். 2,331 இதயச் செயலிழப்பு நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான எச்.எஃப்.-அக்‌ஷன் ஆய்வில், நிலைமை சீராக இருந்தவர்களுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானதாகவே காணப்பட்டதையும் அவர் வழியாகவே அறிந்தேன்.

இயன் மருத்துவராகிய மகளுக்கு நான் பட்ட கடன் பெரிது. விறாந்தையில் 6 நிமிட நடைச் சோதனை செய்தபோது, வேகம் என்னுடையதாகவே இருக்கவேண்டும் என்று எனக்குப் பின்னால் வந்தார். சுவரில் சாய்ந்து நின்றபோதும் அவசரப்படுத்தவில்லை. நான் எடுக்கும் குளிசை நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால் துடிப்பை எண்ணுவதில் பயனில்லை, நடக்கும்போது ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடிந்தால் அந்த வேகம் போதும் என்றார். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்தவேண்டும், 3 நாளில் 2 கிலோ எடை கூடினாலோ கால் வீங்கினாலோ நடையை விட்டுவிட்டு உடனே வைத்தியரிடம் வரவேண்டும் என்பதையும் என் மனைவியின் முன்னிலையிலேயே சொன்னார். எப்போது நிறுத்துவது என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தொடங்கும் துணிவு வந்தது.

சொல்லக் கூச்சமான ஓர் உதவியும் உண்டு. நீர் இறக்கும் குளிசையை விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மலசலகூடம் தேடவேண்டி வருவதால் பாலத்துக்குப் போகவே பயந்தேன். நான் வாய்திறக்காதிருக்க, அதை ஊகித்த தாதி உத்தியோகத்தர் வைத்தியரிடம் கேட்டு, அக்குளிசையை நடை முடிந்து வந்த பின் எடுக்க ஒழுங்கு செய்தார். எந்த அறிவுரையையும்விட அதுவே என்னை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது.

காத்தான்குடிக் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணனை இங்கு அப்படித்தான் அழைப்போம்) எப்படி நன்றி சொல்வது? எனக்கு முன்பே இந்நோய் கண்டவர். நடுவில் நின்று இளைப்பாறுவதை வெட்கமாக எண்ணாதவர். “தம்பி, மூச்சு வாங்கினா நில்லுங்க, திரும்பிப் போயிராதீங்க” என்பார். தன்னையொத்த ஒருவர் செய்வதைக் காண்பதும் தன்னம்பிக்கையை வளர்க்கும் என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதியதை ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான்; அதன் பொருளைக் காக்காவின் முதுகைப் பார்த்து நடந்தபோதுதான் உணர்ந்தேன்.

கடை வாசலில் எனக்கென்று கதிரை போட்டுவைக்கும் தம்பிக்கும், உப்பு மிகுந்த கருவாட்டைச் சமையலறையிலிருந்தே விலக்கிய மருமகளுக்கும் நன்றி. என் மனைவிக்குரிய நன்றி வேறு வகையானது. துணைக்கு வருவது அவருக்கு எளிது. நான் தனியே போய்வரும்வரை தொலைபேசியில் அழைக்காமல் வீட்டிலிருப்பதே கடினம். அந்தக் கடினத்தை எனக்காக ஏற்றுக்கொண்டார்.

புதிதாக இந்நோய் கண்டு வீட்டோடு முடங்கியிருப்பவர்கள், முதலில் தங்கள் வைத்தியரின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, காலையில் பழைய பாலத்தடிக்கு வாருங்கள். வெயில் ஏறினால் கல்லடியில் நடப்பது சுகதேகிக்கே தண்டனை. ஆதலால் காக்காவும் நானும் விடிந்ததுமே புறப்பட்டுவிடுவோம். மெதுவாகத்தான் நடக்கிறோம், எவரும் சேர்ந்துகொள்ளலாம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்