பொட்டலத்துக்குப் பதிலா பூச்சு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேக் பாக்கெட்டுக்குள்ள சின்னதா ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடக்கும்ல, போன வாரம் எங்க அம்மா கண்ணாடி போடாம அதைச் சர்க்கரைன்னு நினைச்சுக் கிழிச்சிட்டாங்க, கேக் மேல பூரா கருப்புத் தூள். நல்லவேளை வாயில வைக்கிறதுக்குள்ள நான் பாத்துட்டேன். "சாப்பிடக்கூடாது"ன்னு எழுதியிருந்தது, ஆனா அந்தப் பொடி எழுத்து எழுபது வயசுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அது இரும்புத் தூள். துருப்பிடிக்கிறப்ப பாக்கெட்டுல மிச்சமிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும், ஒரு கிராமே கிட்டத்தட்ட 300 மில்லி வரைக்கும் இழுக்கும், அதனாலதான் கேக் சீக்கிரம் பூஞ்சை பிடிக்காம இருக்கு. வேலையில குறையே இல்ல, தனியா ஒரு பொட்டலமா கிடக்கிறதுதான் பிரச்சனை.

இதுக்கு மாற்று இருக்குங்க. குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் (வேதி மாற்றத்தை வேகப்படுத்துற புரதம்), ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர்ங்கிற பூஞ்சையில இருந்து எடுக்கிறாங்க, அதைக் கொஞ்சம் குளுக்கோஸோட சேத்து பாக்கெட்டோட உள்பக்கம் பூசிட்டா போதும், சாப்பாட்டோட ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பிச்சு ஆக்சிஜனைச் செலவழிச்சு குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமா மாத்திடும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும், அதை உடைக்க கேட்டலேஸ்னு இன்னொரு என்சைமும் வேணும், உடையுறப்ப பாதி ஆக்சிஜன் திரும்ப வெளிய வந்திடும், அதையும் முதல் என்சைமே மறுபடி பிடிக்கணும்னா குளுக்கோஸைத் தாராளமா வைக்கணும். பிளாஸ்டிக்கை உருக்குற சூட்டுல என்சைம் செயலிழந்துரும், அதான் உள்ள கலக்காம மேல பூசுறாங்க. ஈரமே இல்லாத பண்டத்துக்கு இது சரிப்படாது, கேக், சீஸ் மாதிரி ஈரமானதுக்குத்தான். அந்த அளவுக்காவது பொட்டலம் ஒழியட்டுமே!

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கவனிக்கணும். ஆக்சிஜன் போயிட்டா எல்லாக் கிருமியும் போயிடாது, க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கிற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்துலதான் வளந்து விஷத்தைக் கக்கும். பூச்சு இருக்குங்கிற தைரியத்துல ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டியதை வெளிய வச்சிடக்கூடாது. அதனால பூச்சு போட்ட பாக்கெட்டுல, உள்ள என்ன பூசியிருக்கு, ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா வேணாமாங்கிற ரெண்டையும் பாக்கெட் முன்பக்கத்துலயே, எங்கம்மா கண்ணாடி இல்லாமப் படிக்கிற அளவு பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்