கோப்பிக் கடைகளில் நம் இளைஞருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி, நுவரெலியா, எல்ல ஆகிய இடங்களில் தனிநபர்கள் சொந்த முயற்சியால் நடத்தும் சிறு கோப்பிக் கடைகள், உல்லாசப் பயணிகளுக்கு மட்டுமன்றி, எழுதவும் வரையவும் பாடவும் முனையும் மலையக இளைஞர்களுக்கும் ஒன்றுகூடும் களமாக வேண்டும் என வேண்டுகிறேன்.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயனில், 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே வாழும்போது, எழுதிய கவிதையை நண்பருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டக்கூட ஓரிடம் கிடைப்பதில்லை. பாடசாலை மண்டபத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் அனுமதி பெற வேண்டும். அங்கே எல்லாவற்றையும் பேசிவிடவும் முடியாது. ஆகவே, கடை உரிமையாளர்கள் ஒரு சுவரை உள்ளூர் ஓவியர்களுக்கும், ஓர் அலுமாரித் தட்டைச் சிற்றிதழ்களுக்கும், மாதத்தில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினப் பிற்பகலை வாசிப்புக்கும் ஒதுக்கலாம். தோட்டங்களுக்கான கடைசி பஸ் நேரத்தோடு புறப்பட்டுவிடுவதால் இரவு நிகழ்ச்சிகள், குறிப்பாகப் பெண்களுக்கு, பயன்படா. பயணிகளுக்கான விலையும் நம் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. அன்றைக்கேனும் சாதாரண விலையில் ஒரு பிளேன்டீ கிடைக்க வேண்டும்.

தேயிலைக்கு முன்பே கோப்பிக்காகத்தான் நம் முன்னோர் இம்மலைகளுக்கு அழைத்துவரப்பட்டனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் பரவி அப்பயிரை அழித்த வரலாற்றையும் அவர்களது உழைப்பையும் அதே கடைச் சுவர்களில் படங்களாக வைத்தால், வெளியூரார் குடிக்கும் கோப்பியின் பின்னணியை அறிவர்.

மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் தமது கடைத்தொகுதிகளில் ஓர் அறையையேனும் இத்தகைய முயற்சிக்குக் குறைந்த வாடகையில் வழங்க முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.