கணக்குத் தெரியாதது போல் நடிக்கும் பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் சினிமாப் பக்கத்தில், பழைய பள்ளிக்கூடப் படங்களை மறுபடியும் எடுப்பது கற்பனை வறட்சி என்றும், அமெரிக்கப் பிள்ளைகளின் சண்டையில் நமக்கு என்ன இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 2024இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்'. குரூரமான பெண்பிள்ளைகள் என்று தமிழில் சொல்லலாம். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்தப் படத்தையும், இதற்கு முந்திய 2004ஆம் ஆண்டுப் படத்தையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆப்பிரிக்காவில் தாய் தகப்பனிடம் வீட்டிலேயே படித்து வளர்ந்த கேடி என்ற பிள்ளை, பதினாறு வயதில் அமெரிக்காவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். எந்த மேசையில் யார் உட்காரலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. ஒருத்தி கென்டீனை வரைபடமாகவே கீறிக் கொடுக்கிறாள். அழகும் அதிகாரமும் உள்ள ரெஜினாவின் கூட்டத்தில் கேடி சேர்கிறாள், அவளைப் போலவே ஆகிறாள், அப்புறம் மீள்கிறாள். படம் முழுக்கச் சிரிப்புதான். ஆனால் அடியில் இருப்பது சிரிப்பு இல்லை. பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படி நோகடிக்கிறார்கள் என்று பெற்றோருக்காக ரோசலிண்ட் வைஸ்மன் 2002இல் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் அமெரிக்க நகைச்சுவை நடிகை டினா ஃபே 2004ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அதே கதை 2018இல் நியூயோர்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் பாட்டு நாடகமானது. அந்த நாடகம்தான் 2024இல் படமாக வந்தது. ஆகவே பழைய படத்தை அப்படியே பிரதி எடுத்தார்கள் என்று சொல்வது சரியில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழைய படத்தின் கூர்மை புதியதில் மழுங்கித்தான் போயிருக்கிறது. ரெஜினாவின் கூட்டம் மற்றப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் வம்பு எழுதி வைக்கும் கொப்பியும் இன்னும் கொப்பியாகவே இருக்கிறது. இன்றைக்கு எந்தப் பிள்ளை கொப்பியில் எழுதுகிறாள்? ஆனால் ஒரு இடத்தை நீங்கள் கவனிக்கவில்லை. நத்தார் கலைநிகழ்ச்சிக் காட்சி. 2004இல் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நின்றுவிடுகிறது. கேடி வாய்விட்டுப் பாடத் தொடங்க, மண்டபமே சேர்ந்து பாடுகிறது. 2024இல் அதே மேடையில் ரெஜினா விழுகிறாள். அந்த வீடியோ போன் போனாகப் பரவுகிறது. அன்று கூட்டம் பாடிக் காப்பாற்றியது, இன்று கூட்டம் படம் பிடிக்கிறது. இருபது வருடத்தில் என்ன நடந்தது என்று என் பிள்ளைகளுக்கு நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியும் விளங்கப்படுத்த முடியாததை இந்த இரண்டு காட்சிகளும் விளங்கப்படுத்தின. ரீமேக் தேவையா என்றால், இதற்காகவே தேவை.

ஏனென்றால் அந்தப் போன் எங்கள் லயத்துக்கும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கும், வந்துவிட்டது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, படிப்புக்காக என்று கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். படிப்பு எவ்வளவு வந்ததோ தெரியாது, போன் மட்டும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. போன வருடம் மழைக்காலத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தேயிலை மலைக்குள்ளால் குறுக்கு வழியில் நடந்து பாடசாலைக்கு வந்தாள். காலில் அட்டை கடித்து வெள்ளைச் சொக்ஸில் ரத்தம். எங்கள் பக்கத்தில் அது தினமும் நடப்பதுதான். பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ அதைப் படம் எடுத்து, வேறு அர்த்தம் வரும்படி ஒரு வரி எழுதி, வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். சாயந்திரத்துக்குள் அது மற்றப் பாடசாலைப் பையன்களின் போனிலும் இருந்தது. நான்கு நாள் பிள்ளை வரவில்லை. ஐந்தாம் நாள் வீடு தேடிப் போனேன். அந்தச் சொக்ஸை அவளுடைய அம்மா மூன்று தடவை தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார். கறை போகவில்லை. "பள்ளிக்கொடத்துல என்ன நடந்துச்சு டீச்சர்? கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்று அந்த அம்மா கேட்டபோது, என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளின் சண்டையில் நமக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

இன்னொன்று. கேடிக்குக் கணக்கு நன்றாக வரும். முன்வாங்கில் இருக்கும் பையனோடு பேசுவதற்காகக் கணக்குத் தெரியாதது போல் நடிக்கிறாள், புள்ளியையும் கோட்டைவிடுகிறாள். அந்தக் காட்சி முடிந்ததும், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது எங்க வகுப்புலயும் இருக்கு" என்றாள். யார் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். தோட்டப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்து, உயர்தரம் படிக்க டவுன் பாடசாலைக்குப் போய், 'தோட்டத்துப் பிள்ளை' என்று தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு கடைசி வாங்கில் உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2003இல் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்த நாட்களை இன்றைக்கும் என்னால் எண்ணிச் சொல்ல முடியும்.

எங்கள் சனத்தைத் திரையில் யாரும் காட்டவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1975இல் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன படம். அந்த மரியாதை அவருக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரும் கேமராக்கள், நான் பார்த்த மட்டில், கூடையையும் கொழுந்தையும் ஒழுகும் கூரையையும்தான் தேடுகின்றன. எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தபோதும் அப்படித்தான். அந்தத் துன்பம் பொய் இல்லை, அது சொல்லப்பட வேண்டியதுதான். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் துன்பம் மட்டுமா இருக்கிறது? பஸ்ஸில் இடம் பிடிக்கும் சண்டை இருக்கிறது, ரிப்பன் கலருக்காகக் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பது இருக்கிறது, தீபாவளிச் சட்டையைப் பற்றி அவிழ்த்துவிடும் பொய்கள் இருக்கின்றன. இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஒரு படம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். ரீமேக்குக்கு முதல், எங்களுக்கு மூலப்படமே இன்னும் வரவில்லை.

யாரும் எடுக்கும்வரை என் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. ஆங்கில தினத்துக்காக அவர்களே அந்தக் கதையை ஒரு சின்ன நாடகமாக மாற்றினார்கள். ஆப்பிரிக்காவுக்குப் பதிலாகத் தோட்டத்தின் மேல் டிவிஷன், அதாவது மேல் பிரிவு. கென்டீன் மேசைகளுக்குப் பதிலாகக் காலை பஸ்ஸின் ஆசனங்கள்: முன்னால் யார், ஜன்னல் ஓரம் யார், மிதிபலகையில் யார் என்று ஒருத்தி கரும்பலகையில் கீறிக் காட்டுவாள். வம்புக் கொப்பி வட்ஸ்அப் குழுவானது. இதை அவர்களாகவே யோசித்தார்கள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய படத்தின் முடிவில் கேடி தன் பிளாஸ்டிக் கிரீடத்தை உடைத்து எல்லாருக்கும் துண்டு துண்டாகக் கொடுப்பாள். எங்களிடம் கிரீடம் ஏது? முதல் காட்சியில் புதுப் பிள்ளை தன் ரொட்டி டப்பாவை வெட்கத்தில் டெஸ்க்குக்குள் ஒளித்து வைப்பாள். கடைசிக் காட்சியில் அதை வெளியே எடுத்து, பிய்த்து, குழுவில் படம் போட்டவள் உட்பட எல்லாருக்கும் கொடுப்பாள்.

அந்த ரொட்டி உண்மையான ரொட்டி. நடித்த பிள்ளையின் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போவதற்கு முதல், விடிய நான்கு மணிக்கு எழும்பிச் சுட்டு, கட்டச் சம்பலும் வைத்துக் கொடுத்திருந்தார். மேடையில் வாங்கியவர்கள் வசனத்தை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மண்டபம் சிரித்த சிரிப்பில் முன்வரிசை அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அட்டை கடித்த அந்தப் பிள்ளை திரை இழுக்கும் வேலைக்கு வந்திருந்தாள். திரையை மூட மறந்து அவளும் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாடகத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. சீ.ஆர். கொப்பி என்ற பெரிய கொப்பியில் 14 பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் மறுபக்கம். பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார்கள். உங்கள் சினிமாப் பக்கத்தில் இடம் ஒதுக்குவீர்களானால் அடுத்த தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.