எடைக்குப் போன புறநானூறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் பள்ளத்தூரில் எங்கள் பங்காளி வீட்டைக் காலி செய்தார்கள். தேக்குத் தூணுக்கும் பீங்கானுக்கும் நாள் முழுக்க விலை பேசியவர்கள், இரண்டாங்கட்டு அறையிலிருந்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் மூட்டையைப் பிரித்தேன். உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூறு, அட்டையில்லாமல், ஓரமெல்லாம் கரையான் அரித்துக் கிடந்தது. கை நடுங்கிவிட்டது. ஊர் ஊராக ஏடு தேடி, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதம் ஒப்பிட்டு அவர் அச்சேற்றிய நூல் அல்லவா! நம் கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் திரட்டிய புத்தகங்கள்தான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. வீட்டை விற்பவர்களே, எடைக்காரரைக் கூப்பிடுமுன் ஊரிலுள்ள தமிழாசிரியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி