குடியிருப்போர் நலச் சங்கம், தல்லாகுளம் பகுதி: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைநீர் வாய்க்கால் தூர்வாரியது, தெருவிளக்கு மனுக்கள், எதிர்சேவை அன்று போட்ட நீர்மோர்ப் பந்தல் எல்லாம் மாதக் கூட்டக் குறிப்புகளில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் குடியிருப்பை மாலையில் வீட்டைவிட்டு வெளியே வரவைத்தது, மட்டையால் ஓட்டைப் பந்தை நெட்டுக்கு மேல் அடித்து ஆடும் பிக்கிள்பால்தான். அதனால் இந்த அறிக்கையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டம் 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. கோர்ட் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இரட்டையர் ஷட்டில் கோர்ட்டுக்கும் இதே அளவு என்பதால், நம் பழைய கோர்ட்டே போதும் என்று நினைத்தோம். இரண்டு இடங்களில் இடித்தது. ஷட்டில் நெட்டை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் என்று இறக்கிக் கட்டினோம். அந்த நெட் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை இரண்டரை அடிதான். அடியில் நடுவில் நான்கு, ஓரத்தில் ஆறு அங்குல இடைவெளி விழுந்து, தாழ்ந்து வந்த பந்தெல்லாம் அதன் வழியே ஓடியது. யாருக்குப் பாயின்ட் என்று தினமும் வாக்குவாதம். கடைசியில் தரையைத் தொடும் நெட்டே வாங்கினோம்.

அடுத்தது கோடு. நெட்டிலிருந்து 7 அடிவரை உள்ள பகுதிக்குள் நின்று, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது. அதைக் கிச்சன் என்பார்கள். நம் ஊரில் அது முதல் நாளே அடுப்படி ஆகிவிட்டது. ஷட்டில் சர்வீஸ் கோடோ ஆறரை அடியில் இருக்கிறது. அந்த அரை அடிக்குள் கால் வைத்துவிட்டு, "நான் வெளியேதான் நின்னேன்" என்று எல்லோரும் சாதித்தோம். டேப் பிடித்து 7 அடியில் மஞ்சள் கோடு போட்ட பிறகுதான் அமைதி. பந்தை அடித்த வேகத்தில் கால் உள்ளே போனாலும் தவறுதான் என்பதை மட்டும் இன்னும் சிலர் ஒப்புக்கொள்வதில்லை.

தொடக்கத்தில் நால்வராகவே ஆடினோம். எனக்குத் தெரிந்தவரை அதில் யாரும் சரியாகக் கற்கவில்லை. நடுவில் வரும் பந்துக்கு "உங்க பந்து" என்று இருவரும் சொல்லி நிற்பார்கள். பலவீனமான பக்கத்துக்கு வருவதைத் துணையாட்டக்காரர் எடுத்துவிடுவார். மார்கழிக் காலையில் பனிக்குப் பயந்து இருவர் மட்டுமே வந்தபோதுதான் ஒற்றையர் தொடங்கியது. முழு 20 அடி அகலத்தையும் ஒருவரே காக்க வேண்டும் என்பதால், சர்வை ஆழமாகப் போடுவதும், அடித்ததும் நடுவுக்குத் திரும்புவதும் தானாகவே வந்தன.

ஓய்வுபெற்ற ஓர் அண்ணனுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். சர்வ் ஒருமுறை தரையில் விழ வேண்டும், திருப்பிய பந்தும் ஒருமுறை விழ வேண்டும். அதன் பிறகே நேரடியாக அடிக்கலாம். அவர் ஷட்டில் பழக்கத்தில் பாய்ந்து பாய்ந்து அடித்தார்.

"அண்ணே, பொறுங்க, தரையில விழட்டும்."

"விழுந்தா போயிருமே தம்பி?"

"போகாதுண்ணே, இது எழும்பி வரும்."

ஒரு வாரத்தில் அந்த விதியின் லாபத்தையும் அவரே கண்டுபிடித்தார். சர்வ் போட்டவர் பந்து விழும்வரை காத்திருக்கையில், திருப்பி அடித்தவர் மஞ்சள் கோடுவரை முன்னேறி நின்றுவிடலாம். ஒற்றையரில் எண்ணிக்கையும் எளிது: சர்வ் போடுபவரின் பாயின்ட் இரட்டைப்படை என்றால் வலப்பக்கமிருந்து சர்வ், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கமிருந்து. 11 எடுத்து, இரண்டு வித்தியாசம் காட்டினால் வெற்றி.

மனம் வருந்தும் ஒன்றையும் பதிவு செய்கிறேன். சித்திரையில் ஓர் உறுப்பினர், தலைக்கு மேல் போன பந்துக்காகப் பின்னோக்கி ஓடி விழுந்து, மணிக்கட்டில் கட்டுப்போட நேர்ந்தது. அன்றே அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாளிலேயே பக்கவாட்டில் திரும்பி ஓடப் பழக்கியிருக்க வேண்டும். இப்போது பழக்குகிறோம். நடைப்பயிற்சி ஷூவோடு கோர்ட்டுக்குள் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் அழுத்தம் விழும்போது கணுக்கால் மடங்கிவிடும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பந்து எம்மாத்திரம்? முதலில் வாங்கியவை 26 ஓட்டை உள்ள உள்ளரங்கப் பந்துகள். 40 ஓட்டைப் பந்துக்கு மாறிய பிறகு ஓரளவு கட்டுக்குள் வந்தது.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானம் கேட்கிறேன். காலை 6 முதல் 7 வரை கோர்ட் புதிதாகக் கற்பவர்களின் ஒற்றையர் ஆட்டத்துக்கு மட்டும். நால்வர் காத்திருந்தாலும் ஆடும் இருவரை எழுப்பக் கூடாது. மற்ற நேரம் வழக்கம்போல. சம்மதம் என்றால் கை உயர்த்துங்கள்.

மட்டை இல்லாதவர்களுக்கு அலுவலக அலமாரியில் நான்கு இருக்கின்றன. சாவி வாட்ச்மேன் அண்ணனிடம்.

நன்றி.

செயலாளர்